வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மன்ரோவில் என்றொரு ஊர். அங்கே ஒரு பெரிய மால். 1977 கடைசியிலும் 1978 தொடக்கத்திலும், கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு, முகத்தில் சாம்பல்நீலச் சாயம் பூசிய மனிதர்கள் அந்த மாலுக்குள் இரவு முழுக்கத் தள்ளாடி நடந்தார்கள். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ, நடமாடும் பிணங்களான ஜாம்பிகள் பற்றிய ‘டான் ஆஃப் தி டெட்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கடை திறப்பதற்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கிளம்பியாக வேண்டும்.

1978-லேயே அந்த மால் மடித்த காகித வரைபடமாக ஒரு பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. படத்தின் பெயரிலேயே வெளியான போர்டு கேம் அது. நியூயார்க்கைச் சேர்ந்த சிமுலேஷன்ஸ் பப்ளிகேஷன்ஸ், சுருக்கமாக எஸ்.பி.ஐ., அதை வெளியிட்டது. உருவாக்கியவர் ஜான் பட்டர்ஃபீல்ட். படத்தில் வரும் நால்வர்தான் இதிலும் நாயகர்கள். மாலின் வாசல்களை அடைத்து, உள்ளே திரியும் ஜாம்பிகளை ஒழித்துக்கட்டினால் மனிதர்களுக்கு வெற்றி. எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாம். ஆள் கிடைக்கவில்லையா, ஒருவரே மனிதர்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஜாம்பிகளை விதிகள் சொல்கிறபடி நகர்த்தி ஆடலாம்.

இந்தக் கடைசி வசதி பார்க்கச் சின்னதுதான். ஆனால் பின்னாளில் வந்த பல ஜாம்பி ஆட்டங்களின் அடிப்படை யோசனை அதிலேயே இருக்கிறது. சதுரங்கத்தில் எதிரிக்கு மூளை உண்டு. எதிர்ப்பக்கத்து நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஜாம்பிக்கு யோசனை கிடையாது. சத்தம் வந்த பக்கம் போகும், கண்ணில் பட்ட ஆளை நோக்கி வரும், கைக்கு எட்டினால் கடிக்கும். அதன் நடத்தை மொத்தத்தையும் நாலு வரியில் எழுதிவிடலாம். எழுதிய அந்த நாலு வரியே எதிரி ஆகிவிடும். போர்டு கேம் செய்பவருக்கு இதைவிட வாகான வில்லன் வாய்ப்பதில்லை.

சிக்கலும் அங்கேதான். எதிரி மனிதராக இருந்தால், விதியில் சின்னக் கோளாறு இருந்தாலும் ஆட்டம் ஒப்பேறிவிடும். ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் அந்தப் பக்கத்து ஆள் தந்திரம் செய்து சமாளிப்பார். எதிரியே விதிதான் என்றால் அதைச் சமாளிக்க மேசையில் யாரும் இல்லை. ஒரு சுற்றுக்கு 3 ஜாம்பிக்குப் பதில் 4 வந்தால் எல்லோரும் அரை மணியில் செத்துப்போவார்கள்; 2 வந்தால் கொட்டாவி விடுவார்கள். ஆகவே இந்த வகை ஆட்டங்கள் மற்ற எதையும்விட ஒரு வேலையை அதிகம் நம்பியிருக்கின்றன: கடைக்குப் போகும் முன் ஆட்களை உட்காரவைத்து ஆடவிட்டுப் பார்ப்பது. தேர்த் திருவிழாவுக்கு முன் புதுத்தேரை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே, அந்த வெள்ளோட்டம்.

எஸ்.பி.ஐ.க்கு அது வாராந்திர வழக்கம். ஜேம்ஸ் டன்னிகன் 1969-ல் தொடங்கிய போர் ஆட்ட நிறுவனம் அது. முழு ஆட்டம் ஒன்றை ஒவ்வொரு இதழோடும் சேர்த்துத் தந்த ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ என்ற பத்திரிகையும் அவர்களுடையதுதான். இதழுக்குள் ஒரு கருத்துச் சீட்டு இருக்கும். வாசகர்கள் வெளிவந்த ஆட்டங்களுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டு, அடுத்து எந்தப் போரை ஆட்டமாக்கலாம் என்றும் குறித்து அனுப்புவார்கள். அதைவிட முக்கியமானது வெள்ளிக்கிழமை இரவு. மான்ஹாட்டன் அலுவலகக் கதவு அன்று திறந்திருக்கும். ஆர்வமுள்ள யாரும் உள்ளே வரலாம். இன்னும் முடியாத ஆட்டங்கள் மேசைமேல் விரிந்து கிடக்கும். வந்தவர்கள் ஆடுவார்கள், ஓட்டைகளைக் கண்டுபிடிப்பார்கள், விதியோடு வாதாடுவார்கள். ஆடிப்பார்த்தவர்களின் பெயர்களை விதிப்புத்தகத்தில் அச்சிடும் மரியாதையும் அங்கே இருந்தது.

விதிக் கோளாறுகளைச் சமாளிக்கும் பிரச்சினைக்கு அதற்கும் 150 ஆண்டுகளுக்கு முன் பிரஷ்யாவில் வேறொரு தீர்வு கண்டிருந்தார்கள். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் போர் விளையாட்டைச் செப்பம் செய்து, தலைமைத் தளபதி ம்யூஃப்லிங் முன்னால் ஆடிக்காட்டினார். அரைமனதோடு உட்கார்ந்த ம்யூஃப்லிங் முடிவில், இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று வியந்துபோனாராம். அந்த ஆட்டத்தில் நடுவர் ஒருவர் உண்டு. இருதரப்பும் தங்கள் உத்தரவுகளை அவரிடம் தர, பகடையும் அட்டவணையும் பார்த்து விளைவைச் சொல்வார். விதி அபத்தமான முடிவைத் தந்தால் அவரே அந்த இடத்தில் சரிசெய்துகொள்ளலாம். பின்னாளில் பிரஷ்ய அதிகாரிகள் இன்னும் துணிந்து, புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்ற நிலைக்குப் போனார்கள். வரவேற்பறையில் நாலு நண்பர்கள் ஆடும் ஆட்டத்துக்கு நடுவர் ஏது? நடுவர் செய்ய வேண்டிய திருத்தத்தையெல்லாம் பெட்டி மூடும் முன்பே யாரோ செய்து முடித்திருக்க வேண்டும்.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எஸ்.பி.ஐ.யே சாட்சி. 1979-ல் அவர்கள் வெளியிட்ட ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆஃப்ரிக்கா’ என்ற போர் ஆட்டத்தை ஆடி முடிக்க 1,500 மணி நேரம் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. பக்கத்துக்கு 5 பேராக 10 பேர் வேண்டும். இத்தாலியப் படைகள் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்றுகூட ஒரு விதி. உருவாக்கிய ரிச்சர்ட் பெர்க் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்: அந்த ஆட்டம் முழுதாக வெள்ளோட்டம் பார்க்கப்படவே இல்லை. முழுதாக ஆடிப்பார்க்க ஆண்டுக்கணக்காகும் என்பதால் அப்படியே அச்சுக்குப் போனது. பேசப்பட்ட அளவுக்கு அது ஆடப்படவில்லை.

பட்டர்ஃபீல்டின் மால் ஆட்டம் அந்த அளவு பெரியதல்ல. ஒரே மாலையில் முடிந்துவிடும். அதற்குப் பின் வந்தவர்கள் அனுமதி கேட்காமலே ஜாம்பிகளை எடுத்துக்கொள்ள முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ரொமேரோவின் முதல் படமான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968-ல் வெளியானபோது விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றினார். பழைய பெயர் அட்டையில் காப்புரிமைக் குறிப்பு இருந்தது. புதிய அட்டையில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். குறிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை போய்விடும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். படம் பொதுச்சொத்தானது. மெல்ல நடக்கும், மனித மாமிசம் தின்னும், தலையில் அடித்தால் மட்டுமே விழும் அந்தப் பிணங்களை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்றாயிற்று. ‘ஜாம்பி’ என்ற சொல் அந்தப் படத்தில் வரவே இல்லை. ஹெய்ட்டி நாட்டு நம்பிக்கையிலிருந்து வந்த அந்தப் பெயர் பின்னால்தான் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. ‘மிருதன்’ 2016-ல் தமிழுக்குக் கொண்டுவந்ததும் இந்த வம்சத்தின் ஒரு கிளையைத்தான்.

வெள்ளோட்ட மேசை ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம்; அது ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். பளபளப்பான எதுவும் அங்கே இராது. பழைய சீட்டுக்கட்டின் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்னால் பேனாவால் எழுதிய துண்டுத்தாளைச் செருகியிருப்பார்கள். விதி மாறினால் தாளை மட்டும் மாற்றினால் போதும். ஜாம்பிகளுக்குப் பதில் மரக் கட்டைகள். பலகை என்பது நாலு ஏ4 தாளை டேப் போட்டு ஒட்டியது. அதில் ஒரு கதவு அடித்து எழுதப்பட்டிருக்கும், இன்னொன்று பச்சை மையில் புதிதாக முளைத்திருக்கும்.

முதல் கட்டத்தில் உருவாக்கியவரே உடன் உட்கார்ந்து ஆடுவார், விளக்குவார். கடினமான கட்டம் அதற்கு அடுத்தது. ‘பிளைண்ட் டெஸ்ட்’ என்பார்கள். முன்பின் அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் கையில் விதிப்புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு, உருவாக்கியவர் வெளியே போய்விட வேண்டும். அல்லது மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு வாய் திறக்காமல் உட்கார வேண்டும். அவர்கள் ஜாம்பிகளைத் தப்பாக நகர்த்துவார்கள். முக்கியமான விதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒருவர் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டி எதையோ தேடுவார். தேடுவது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவே இல்லை என்பது மூலையில் இருப்பவருக்கு அப்போதுதான் உறைக்கும். வாய்வரை வரும் விளக்கத்தை விழுங்கிவிட்டு, எந்த வரியில் தடுமாறினார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவரின் பக்கத்தில் அவர் இருக்கப்போவதில்லையே. இந்த மௌனத்தைப் பழகாதவரின் ஆட்டத்தைப் பெட்டியைத் திறந்த பத்து நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடலாம்.

கணக்கு வேறு, மேசை வேறு. பகடையில் எந்த எண் எத்தனை முறை விழும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆட்கள் சலிப்படைவது எந்த நொடியில் என்பதற்குச் சூத்திரம் இல்லை. ‘கட்டான்’ ஆட்டத்தை 1995-ல் தந்த க்ளவுஸ் டாய்பர் அப்போது ஜெர்மனியில் பல் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். வீட்டின் கீழ்த்தளத்தில் செய்த ஆட்டங்களை வார இறுதிகளில் மேலே எடுத்துவந்து மனைவி மக்களோடு ஆடிப்பார்ப்பார். கடைக்குட்டி மகன் மேசைக்கு அடியில் காமிக்ஸ் புத்தகத்தை விரித்துவிட்டால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும். கட்டான் அப்படி ஆண்டுக்கணக்கில் மேலும் கீழும் போய் வந்த ஆட்டம்.

எதிரிக்கு ஆளே வைக்காத ஆட்டங்கள் 2000-க்குப் பிறகு பெருகின. முதலில் ரைனர் க்னீட்சியாவின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. எல்லோரும் ஒரே அணி. எதிரே சாவ்ரன் என்ற ஒரு காய் மட்டும். அந்தக் காயைத் தொடக்கத்தில் எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதை மாற்றினாலே ஆட்டம் எளிதாகவோ கடினமாகவோ ஆகிவிடும். அதை ஆடி உற்சாகமடைந்த மாட் லீகாக் என்ற அமெரிக்கர், கையால் வரைந்த உலகப்படத்தையும் சாதாரணச் சீட்டுக்கட்டையும் வைத்து ஒரு ஆட்டத்தைத் தொடங்கினார். 2008-ல் ‘பேண்டமிக்’ ஆக வந்தது அதுதான். ஜாம்பி இல்லை, கிருமி. ஆனால் யோசிக்காமல் பரவும் எதிரி என்பதில் இரண்டும் ஒரே ஜாதி. 48 நகரங்கள், 4 நோய்கள். கறுப்புக் கட்டைகள் பரவும் நகரங்களில் சென்னையும் உண்டு. மும்பை, டெல்லி, கொல்கத்தாவோடு கோடுபோட்டு இணைந்து நிற்கும்.

லீகாக்கின் அப்போதைய தொழில், கணினித் திரைகளை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து வடிவமைப்பது. அந்தக் கண்ணோடுதான் அவர் ஆட்ட மேசையையும் பார்த்தார். ஆடுபவர்களிடம் பிடித்ததா என்று கேட்பதைவிட, அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று கவனிப்பதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். பேண்டமிக்கின் உயிர்நாடி ஒரே ஒரு விதி. கொள்ளைநோய்ச் சீட்டு வந்ததும், ஏற்கெனவே திறந்துபோட்ட நகரச் சீட்டுகளைக் கலைத்துக் கட்டின் அடியில் வைப்பதில்லை. மேலே வைக்க வேண்டும். பட்ட காலிலே படும் என்பார்களே, அதேதான். சென்ற சுற்றில் நோய் கண்ட சென்னைக்கு அடுத்த சுற்றிலும் நோய் வரக்கூடும். சீட்டுக்கட்டுக்கு மூளை இல்லை. ஆனாலும் அது பலவீனமான இடம் பார்த்து அடிப்பதுபோல் மேசையில் இருப்பவர்களுக்குத் தோன்றும். கொள்ளைநோய்ச் சீட்டு எத்தனை என்பதில்தான் கடினம் ஏறும்: புதியவர்களுக்கு 4, பழகியவர்களுக்கு 5, துணிந்தவர்களுக்கு 6. ஒரே ஒரு சீட்டு கூடும்போது மேசையில் இருப்பவர்களின் பேச்சே மாறிவிடும் என்பதை ஆடியவர்கள் அறிவார்கள். அந்த 4, 5, 6 வெள்ளோட்ட மேசையில் விளைந்த எண்கள்.

எல்லோரும் ஒரே அணி என்னும் ஆட்டங்களில் கூடவே வரும் நோய் ஒன்று உண்டு. அணியில் கெட்டிக்காரர் ஒருவர் நாட்டாமை செய்யத் தொடங்கிவிடுவார்: நீ அங்கே போ, நீ அந்தச் சீட்டைப் போடு. மற்றவர்கள் கைப்பாவை ஆகிவிடுவார்கள். விதிப்புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது. நாலு பேர் உட்கார்ந்த அரை மணியில் பளிச்சென்று தெரியும்.

இதற்கிடையில் ஜாம்பிகளும் திரும்பி வந்திருந்தன. 2001-ல் டாட் ப்ரைட்டென்ஸ்டைன் உருவாக்கிய ‘ஜாம்பீஸ்!!!’ பெட்டிக்குள் 100 பிளாஸ்டிக் ஜாம்பிகள். ஹெலிகாப்டர் தளத்துக்குத் தப்பிப் போய்ச் சேர வேண்டும், அல்லது 25 ஜாம்பிகளைக் கொன்று சேர்க்க வேண்டும். அதில் ஜாம்பியை ஆட்டுவித்தது விதி அல்ல, பக்கத்து ஆள்தான்: தன் முறை முடியும்போது ஒவ்வொருவரும் பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்ப ஜாம்பிகளை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார். பொறாமை உள்ளவரை அந்த ஆட்டம் ஓடும்.

‘டெட் ஆஃப் வின்டர்’ 2014-ல் வந்தது. உருவாக்கியவர்கள் ஜோனத்தன் கில்மோரும் ஐசக் வேகாவும். பனிக்காலத்தில் ஒரு குடியிருப்பில் ஒளிந்திருக்கும் மக்களின் கதை. எல்லோருக்கும் பொது இலக்கு ஒன்று, ஒவ்வொருவருக்கும் ரகசிய இலக்கு ஒன்று. கூட்டத்தில் ஒரு துரோகி இருக்கவும் கூடும். பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாத இடத்தில் நாட்டாமை எடுபடாது. அந்த ஆட்டத்தில் 12 முகங்கள் கொண்ட ஒரு பகடை இருக்கிறது. வெளியே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனாலும், ஜாம்பியைத் தாக்கினாலும் அதை உருட்ட வேண்டும். ஒரே ஒரு முகத்தில் பல்லின் படம். அது விழுந்தால் கடி. அந்தப் பாத்திரம் அங்கேயே சாகும், அதே இடத்தில் நிற்கும் அடுத்தவருக்கும் பரவலாம். 12-ல் 1 என்றால் சின்ன ஆபத்துதானே என்று தோன்றும். 8 முறை உருட்டினால் ஒருமுறையாவது பல் விழும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. காகிதத்தில் இந்தக் கணக்கை யாரும் போடலாம். அந்தப் பகடை மேசையில் உருளும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பார்கள் என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

2012-ல் வந்த ‘ஜாம்பிசைட்’ வெள்ளோட்டத்தின் இலக்கணத்தையே மாற்றியது. அதன் தயாரிப்பாளர்கள் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் மூலம் மக்களிடம் முன்பணம் கேட்டார்கள். கேட்டது 20,000 டாலர். 5,258 பேர் சேர்ந்து கொடுத்தது 7.8 லட்சத்துக்கும் மேல். ஆட்டம் கைக்கு வரும் முன்பே அதற்கு ஆயிரக்கணக்கான பங்காளிகள் உருவாகிவிட்டார்கள். ஒரு அலுவலகத்துக்குள் வெள்ளிக்கிழமை இரவு நடந்த வாதம் உலகம் முழுக்கப் பரவியது. அச்சுக்குப் பிறகும் அது ஓயவில்லை.

அந்தப் பெட்டியில் 71 பொம்மைகள்: தப்பிப்பிழைத்த 6 பேர், 65 ஜாம்பிகள். சாதா நடை ஜாம்பி 40, ஓடுவது 16, தடியன் 8, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ராட்சதன். சத்தம் அதிகம் வரும் கட்டத்தை நோக்கி அவை நகரும். கதவை உடைத்தாலும் துப்பாக்கியால் சுட்டாலும் சத்தம். இத்தகைய ஆட்டத்தை முதன்முதலில் ஆடும் யாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சீட்டு இன்னும் 3 ஜாம்பி வை என்கிறது, பெட்டியில் பொம்மை தீர்ந்துவிட்டதே, என்ன செய்ய? ஜாம்பிசைட்டின் விடை அழகானது. எந்த வகைப் பொம்மை தீர்ந்ததோ அந்த வகை முழுக்க உடனே இன்னொரு முறை நகரும். பெட்டியின் குறையே பயமாகிவிட்டது. 40 நடைபிணங்களும் பலகையில் நிற்க, கையிருப்பு காலியாகிக்கொண்டே வருவதைப் பார்த்தபடி ஆடுவது தனி நடுக்கம்.

இன்னொரு விதி அவ்வளவு நன்றாக அமையவில்லை. ஒரு கட்டத்தில் ஜாம்பிகளோடு தோழன் ஒருவனும் மாட்டிக்கொண்டிருக்கிறான். தூரத்திலிருந்து இன்னொருவர் அந்தக் கட்டத்துக்குள் சுடுகிறார். முதல் பதிப்பின் வரிசைப்படி, குறி தப்பாத குண்டு முதலில் தோழன் மேல்தான் படும்; அப்புறம்தான் ஜாம்பி மேல். ஆக, சுடுபவர் கெட்டிக்காரராக இருந்தால் தோழன் சாவான். குறி தவறினால் பிழைப்பான். இதை ஆடியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பலர் வீட்டிலேயே சொந்தமாக வேறு விதி வைத்துக்கொண்டார்கள். 2015-ல் அதே குழு ‘ஜாம்பிசைட்: பிளாக் பிளேக்’ என்ற புதிய பெட்டியோடு வந்தது, இந்த முறை திரண்டது 40 லட்சம் டாலருக்கும் மேல். கதை இடைக்காலக் கோட்டைகளுக்குப் போய்விட்டது. துப்பாக்கிக்குப் பதில் வில். விதிப்புத்தகத்தில் அந்தப் பழைய வரிசையும் மாறியிருந்தது: குறி தவறிய அம்பு மட்டுமே தோழன் மேல் பாயும்.